வலப்பக்கத்துச் சாக்ஸபோன்

பண்பாட்டுத் துறையின் உதவியோடு தயாராகும் எந்த இசைத்தொகுப்பும், பொதுமக்களின் காதுக்குப் போவதற்கு முன்னால் நேயர் கருத்துப் பிரிவின் காதுக்குப் போய்வர வேண்டும் என்பது விதி. பொதுமக்களுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பதைப் பொதுமக்களிடமே கேட்டால் ஆளுக்கொன்று சொல்லிக் குழப்பிவிடுவார்கள் என்று மேலிடம் கருதியது. ஆகவே துறையே இரண்டு நேயர்களை நியமித்திருந்தது. அவர்கள் இருவரும் துணை இயக்குநரும் ஒரே கருத்தைச் சொன்னால்தான் தொகுப்பு வெளியாகும். பிரிவு தொடங்கிய நாளிலிருந்து அப்படி ஒரு சம்பவம் நடக்கவில்லை, எந்தத் தொகுப்பும் வெளியாகவுமில்லை. தரத்தில் பிரிவு காட்டும் கண்டிப்புக்கு இதுவே சான்று என்று ஆண்டறிக்கை தவறாமல் குறிப்பிட்டு வந்தது.

அந்தப் பிரிவுக்கு ஓர் எழுத்தர் இருந்தார். நேயர்களுக்குத் தேநீர் கொடுப்பது, பாட்டைப் போடுவது, அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்வது, இவைதான் அவர் வேலை. எத்தனையோ தொகுப்புகளுக்குச் சாவுமணி அடித்த கைதான். ஆனால் அன்றைக்கு வந்த தொகுப்பை மட்டும் அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் சாக்ஸபோன் வாசித்தவன் அவருடைய மைத்துனன்.

மைத்துனன் எழுத்தர் வீட்டுப் பின்னறையில் இருந்தான். அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்ததால் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்துப் பழகியவன். அடுத்தவர் விழாக்களில் விருந்து நேரத்தில் வாசிப்பான். தட்டுச் சத்தத்தில் ஒருவர் காதிலும் விழாது. இப்போதுதான் முதன்முறையாக ஒரு தொகுப்பில், அதுவும் நடுநாயகமாக, வாசிக்கக் கிடைத்திருந்தது.

"இது வெளியாகலன்னா வாத்தியத்தை வித்துட்டு ஏதாவது கடையில வேலைக்குப் போயிடறேன் அத்தான்" என்று முந்தைய நாள் சொன்னான்.

எழுத்தரின் மனைவி தம்பியைப் பார்த்தாள், பிறகு கணவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையோடுதான் எழுத்தர் அலுவலகத்துக்கு வந்திருந்தார்.

தொகுப்பின் உறையில் 'ஜாஸ் ஃப்யூஷன் கான்செப்ட் ஆல்பம்' என்று அச்சிட்டிருந்தது. துணை இயக்குநர் அதை உன்னிப்பாகப் படித்துவிட்டு, "ஒண்ணுதான் வந்திருக்கு, மத்த மூணும் எங்க?" என்றார்.

"நாலும் ஒண்ணுதான் சார். ஒரே கதையைப் பாட்டுப் பாட்டா சொல்றது. ஒரு விண்கலம் கடைசிக் கோளுக்குப் போகுது. எல்லாரும் பனிப்பெட்டியில தூங்கறாங்க. தலைவன் மட்டும் முழிச்சிருந்து தனக்குத்தானே பேசிக்கிட்டே ஓட்டறான். டிரம்ஸ்தான் எஞ்சின், கீபோர்டு நட்சத்திரம். தலைவனோட குரல் சாக்ஸபோன்" என்று விளக்கினார் எழுத்தர்.

"கதையெல்லாம் நமக்கு எதுக்கு? கருத்துச் சொன்னா போதாதா?" என்றார் துணை இயக்குநர்.

நேயர்கள் வந்தார்கள். ஒருவர் விமர்சகர். வெயிலானாலும் மழையானாலும் கழுத்தில் நீளமான கம்பளித் துண்டு. மற்றவர் காபிக்கடைக்காரர். தம் கடையில் யாருக்கும் புரியாத இசையாகப் போட்டு வந்ததால், இசை தெரிந்தவர் என்று துறையால் அடையாளம் காணப்பட்டவர்.

கூட்டம் தேநீரோடு தொடங்க வேண்டும் என்பதும் விதி. கேட்பறையில் இருந்தவை இரண்டே பிளக் பாயிண்ட். இரண்டிலும் ஸ்பீக்கர்கள். எழுத்தர் வழக்கமாக வலப்பக்கத்து ஸ்பீக்கரைப் பிடுங்கிவிட்டுக் கெட்டிலைச் செருகுவார். தேநீர் ஆனதும் பழையபடி மாற்றுவார். அன்றைக்கு இருந்த பதற்றத்தில் மாற்ற மறந்துபோனார். இசையமைப்பாளரோ, தலைவன் வலது சன்னலோரமாக உட்கார்ந்திருப்பதாகக் கற்பனை செய்து, சாக்ஸபோன் முழுவதையும் வலப்பக்கத்திலேயே வைத்திருந்தார்.

பாட்டு ஓடியது. எஞ்சின் உறுமியது, நட்சத்திரங்கள் மினுங்கின. எழுத்தர், இதோ வருகிறான், இதோ வருகிறான் என்று காத்திருந்தார். மைத்துனன் வரவில்லை. இரண்டாவது பாட்டு முடியும்போதுதான் கெட்டில் அவர் கண்ணில் பட்டது. எழுந்திருக்கப் போனவரை விமர்சகர் ஒரு விரலைத் தூக்கி உட்காரவைத்தார்.

தொகுப்பு முடிந்தது. வழக்கமாக இந்த இடத்தில் நேயர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, முதலில் வாயைத் திறப்பது யார் என்று காத்திருப்பார்கள். அன்றைக்குக் காபிக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தலைவனே இல்லங்க" என்றார். "கலம் பாட்டுக்குப் போகுது. ஓட்டறதுக்கு ஆளே இல்ல."

விமர்சகர் கம்பளித் துண்டை ஒரு சுற்று இறுக்கினார். "நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். இல்லாத ஒருத்தனை இவ்வளவு சத்தமா இதுவரைக்கும் யாரும் காட்டினது கிடையாது."

துணை இயக்குநர் அடுத்த அறையில் நெடுநாளாகக் காலியாக இருந்த இயக்குநர் நாற்காலியை நினைத்துக்கொண்டார். "தலைவன் இல்லாமலே எல்லாம் ஒழுங்கா நடக்கும்னு சொல்லுது. ரொம்பப் பொறுப்பான இசை. ஏத்துக்கறேன்" என்றார்.

எழுத்தர் எழுதிக்கொண்டார். பிறகு துணிச்சலை வரவழைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"சார், தப்பு என்னுது. கெட்டிலுக்காக வலப்பக்க ஸ்பீக்கரைப் பிடுங்கிட்டேன். தலைவன் அந்தப் பக்கம்தான் இருக்கான். தயவுசெஞ்சு இன்னொரு தடவை கேளுங்க."

அவர் கெஞ்சிய கெஞ்சலுக்காக, அலுவல் சாராத முறையில் இன்னொரு தடவை கேட்க அவர்கள் சம்மதித்தார்கள். இரண்டு ஸ்பீக்கரும் பாடின. மைத்துனன் வந்தான். ஆளில்லாத வீட்டில் விளக்கேற்றியதுபோல் இருந்தது எழுத்தருக்கு. தம் வீட்டுக் குளியலறையிலா இப்படி ஒரு மனிதன் அழுதுகொண்டிருந்தான் என்று நினைத்தார்.

"யாரு இது, நடுவுல புகுந்து ஊதறது?" என்றார் விமர்சகர்.

"அதானே. நல்லாப் போய்க்கிட்டிருந்த கலத்துல யாரோ தொத்திக்கிட்ட மாதிரி இருக்கு" என்றார் காபிக்கடைக்காரர்.

துணை இயக்குநர் எழுத்தரைப் பக்கத்தில் கூப்பிட்டார். "கருத்து எழுதியாச்சா?"

"எழுதியாச்சு சார்."

"மூணு பேரும் ஒண்ணாத்தானே சொன்னோம்?"

"ஆமா சார்."

"இதுக்கு முன்னாடி எப்பவாவது ஒண்ணா சொல்லியிருக்கோமா?"

"இல்ல சார்."

"அப்ப கருத்துல ஒரு குறையும் இல்ல. ஆல்பம்தான் கருத்துக்குப் பொருந்தி வரல. அதைத் திருத்தித் தரச் சொல்லுங்க."

இசையமைப்பாளர் கொதித்துப்போய் வந்தார். என் தலைவனை எடுத்தால் என் உயிரை எடுத்த மாதிரி என்றார். அவர் வெளியே போய் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது விமர்சகர் அவர் கையைப் பிடித்து, அந்த வெறுமைதான் உங்கள் மேதைமை என்றார். இசையமைப்பாளர் திரும்பி உள்ளே வந்து, தொடக்கத்திலிருந்தே தம் எண்ணம் அதுதான் என்றும், சாக்ஸபோன் ஓர் உதவிக்கு மட்டும் வைத்திருந்த சாரம் என்றும், கட்டடம் முடிந்ததும் அதைப் பிரித்துவிடுவதுதான் முறை என்றும் விளக்கினார்.

அன்று இரவு எழுத்தர் நடந்ததை வீட்டில் ஒன்றுவிடாமல் சொன்னார். மைத்துனன் கோபித்துக்கொள்ளவில்லை. "ரெண்டு ஸ்பீக்கர்லயும் கேட்டீங்களே அத்தான், எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டான். நன்றாக இருந்தது என்று சொல்ல எழுத்தருக்கு வாய் வரவில்லை. நன்றாக இருந்ததை எடுத்துவிட்டோம் என்று எப்படிச் சொல்வது? அவமானத்தில் தலையைக் குனிந்துகொண்டார்.

தொகுப்பு வெளியானது. விமர்சகர் பத்திரிகையில், 'வலப்பக்கத்தில் கேட்காத அந்தச் சாக்ஸபோனே இந்தத் தொகுப்பின் உயிர்' என்று எழுதினார். அவ்வளவுதான், ஊர் பற்றிக்கொண்டது. இளைஞர்கள் இடது காதில் மட்டும் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். கடைகளில் இடது காதுக்கு மட்டுமான இயர்ஃபோன் வந்தது. இரண்டு காதுக்கும் இருப்பதைவிட அதற்கு விலை அதிகம். காபிக்கடையில் வலப்பக்கத்து நாற்காலிகளை எடுத்துவிட்டார்கள். அப்படியும் உட்கார இடம் கிடைக்காமல் ஜனங்கள் நின்றார்கள்.

மேடையில் நேரடியாக வாசித்துக் காட்ட வேண்டும் என்று கோரிக்கை எழுந்தது. இங்கே ஒரு நிர்வாகச் சிக்கல் முளைத்தது. கேட்காத சாக்ஸபோனைக் காட்டாவிட்டால் ரசிகர்கள் விடமாட்டார்கள். துணை இயக்குநர் எழுத்தரை அழைத்தார்.

"வாசிச்சவன் உங்க மச்சினன்னு இசையமைப்பாளர் சொன்னார். அவனே வரட்டும். புது ஆளைப் போட்டா வாசிக்காம இருக்கறதுல அனுபவம் பத்தாது."

மைத்துனன் முடியவே முடியாது என்றான். அக்காதான் அவன் சட்டையைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "ஊர் பூரா உன்னைப் பாக்கணும்னு நிக்குது. ஊதினப்ப யாருடா வந்தாங்க?" அவன் பெட்டியைத் திறந்து வாத்தியத்தைத் துடைக்க ஆரம்பித்தான்.

அரங்கம் நிரம்பி வழிந்தது. மற்றவர்கள் வாசித்தார்கள். மைத்துனன் மேடையின் வலது ஓரத்தில் சாக்ஸபோனை உதட்டருகே வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, கடைசிவரை சும்மா நின்றான். பெண்கள் விசும்பினார்கள். முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அவனுக்குத் துறையில் நிரந்தர வேலை தரப்படுவதாகத் துணை இயக்குநர் மேடையிலேயே அறிவித்தார். எழுத்தரின் மனைவி கைதட்டிக் கைதட்டி உள்ளங்கை சிவந்துபோனாள்.

மூவரும் தெருவில் நடந்து வந்தார்கள். மைத்துனன் வாத்தியப் பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டான்.

"இப்பவாவது சொல்லுங்க அத்தான். எப்படி இருந்துச்சு?"

எழுத்தர் அவன் முகத்தைப் பார்த்தார். டேய், இங்கேயே பெட்டியைத் திறந்து நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி வாசிடா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். இத்தனை ஆண்டுகள் கருத்தாக எழுதி எழுதிப் பழகிப்போன வாய் வேறு ஒன்றைச் சொன்னது.

"மொத்தத்துல நிறைவா இருந்துச்சு மாப்ளே. மூணாவது பாட்டுல மட்டும் நீ வாசிக்காம இருந்தது கொஞ்சம் அவசரமா பட்டுச்சு."

மைத்துனன் நடையை நிறுத்தினான். முகத்தில் மெல்ல ஒரு மரியாதை வந்தது.

"கவனிச்சிட்டீங்களே அத்தான். அந்த இடத்துல மட்டும் எனக்கு வாசிக்கணும்போல வந்துடுச்சு. அடுத்த தடவை அப்படி வராமப் பாத்துக்கறேன்."