ஸ்டெல்லா அக்காவுக்கு நான் தம்பி இல்லை

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வாயை மூடும் வித்தை எனக்கு இன்றுவரை வரவில்லை.

2010-இல் சென்னைக்கு அருகே ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. அறையில் ஆறு பேர், ஆளுக்கொரு ஷிப்ட். நான் கிளம்பும்போது தூங்குவார்கள். திரும்பும்போது பாய் மட்டும் கிடக்கும். விளாத்திகுளத்திலிருந்து வந்தவனுக்குப் பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் இல்லை. அது தாங்காமல்தான் பக்கத்து ஊரான வல்லம் வடகாலில் ஸ்டெல்லா என்ற ஒரு அக்காவின் அரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தேன். (மற்றவன் டிவி வாங்குவான். நான் கிறுக்கன்.) விளைந்ததும் இரண்டு மூட்டை வேர்க்கடலை அவருக்கு. எழுத்து எதுவும் இல்லை, வாய்ப்பேச்சுதான். ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச்சுக்குப் போய் வந்து போடும் சோறுதான் எனக்கு உண்மையான மகசூல்.

அக்கா வீட்டுக்கு ஒரே பெண். அப்பா விட்டுப்போன அந்த நிலத்தை விற்றால்தான் ஒழுகும் வீட்டுக்குத் தளம் போட முடியும்.

"குத்தகைக்காரன் கீறான்னு தெரிஞ்சா ஒருத்தனும் வாங்க மாட்டான் தம்பி, நீ காலி பண்ண மாட்டேன்னு பயப்படுவான். யார்னா கேட்டா சொந்தக்காரன்னு சொல்லிடு" என்றார்.

ஒருநாள் புரோக்கரோடு வாங்குகிறவர் வந்தார்.

"நீ யாருப்பா?"

"ஸ்டெல்லா அக்காவுக்குத் தம்பிங்க."

"தம்பின்னா, எந்த வகையில?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அந்த ஊரில் என்னை யாருமே யார் என்று கேட்டதில்லை. "கூடப்பொறந்த தம்பி சார்! ஒரே வயித்துப் பிள்ளைக! இது எங்கப்பா நெலம்லா!" என்றேன். எனக்கே கண் கலங்கிவிட்டது.

அவர் முகம் மாறியது. "ஒரே பொண்ணுன்னீங்க? இவனுக்கும் பங்கு உண்டே!" புரோக்கரைத் திட்டிக்கொண்டே காரில் ஏறிவிட்டார்.

விஷயம் கேட்டு ஓடிவந்த அக்கா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "சொந்தம்னுதானே சொல்லச் சொன்னேன்? கூடப்பொறந்தவன்னா சொன்னேன்? நீ இன்னா ஒறவுடா எனக்கு?"

மூன்று ஞாயிறு அந்தப் பக்கமே போகவில்லை. ஞாயிறு மதியமும் கடைப் பரோட்டாதான்.

நான்காவது வாரம் அக்காவே கூப்பிட்டார். வேறொருவர் வாங்க வந்திருந்தார். ஆனால் தம்பி கதை அவர் காதுக்கும் எட்டியிருந்தது. என் கையெழுத்து இல்லாமல் வாங்க மாட்டாராம். பத்திரம் எழுதுபவர் வாசித்துக் காட்டினார்: 'ஸ்டெல்லாவுக்கும் எனக்கும் எவ்வித இரத்த சம்பந்தமும் இல்லை. நான் அவருடைய சகோதரன் அல்ல.' அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டேன்.

நிலம் போனது, வீட்டுக்குத் தளம் வந்தது. இப்போதும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் குடும்பத்தோடு அங்கேதான் சாப்பாடு. "அக்கா அக்கான்னு உருகுதீகளே, ஸ்டாம்ப் பேப்பர்ல இல்லைன்னு எழுதிக் குடுத்த ஆளுதானே!" என்று என் மனைவி ஆரம்பிப்பாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அக்கா மட்டும் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை.