வாந்தித் தடுப்பு உபகுழு

அருள்புரம் வட்டாரப் பின்னலாடை ஏற்றுமதியாளர் நலச் சங்கத்தின் தலைவர் மணியனுக்கு வண்டியில் ஏறினால் வாந்தி வரும். இது குற்றமில்லை. பலருக்கும் வரும். ஆனால் பலர் சங்கத் தலைவர்கள் இல்லை.

பஸ்ஸில் உடனே வரும். காரில் முன்சீட்டில் உட்கார்ந்தால் கொஞ்சம் தாமதித்து வரும். ரயிலில் வராது. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். மடத்துக்குளத்தில் ஒரு கல்யாணத்துக்குச் சங்கம் மொத்தமும் பஸ் பிடித்துப் போனபோது, பல்லடத்திலேயே நிறுத்தச் சொல்லி ஒரு டீக்கடைக்குப் பின்னால் போய்விட்டு வந்தார். போன் பேசப் போனதாகச் சொன்னார். போன் பஸ் சீட்டில் கிடந்து அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் பார்த்தோம், மறந்துவிட்டோம். தமிழ்செல்வன் மறக்கவில்லை.

தமிழ்செல்வன் துணைத் தலைவர். அந்தத் 'துணை' அவருக்குப் பிடிக்காது.

இந்த ஆண்டுப் பொதுக்குழுவை எங்கே நடத்துவது என்று பேச்சு வந்தது. பக்கத்துச் சங்கம் பாங்காக்கில் நடத்திவிட்டது. நாங்கள் போன வருஷம் கொடிவேரி அணையில் மீன் தின்றுவிட்டு வந்தோம். மானப் பிரச்சினை. தமிழ்செல்வன் எழுந்தார். சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் கிளம்புகிறது, நடுக்கடலில் பொதுக்குழு, தலைவர் தேர்தலும் அங்கேயே என்றார். கைதட்டல் அடங்குமுன் இன்னொன்றும் சொன்னார்.

"நம்ம சரக்குப் பூராக் கடல்லதானுங்க போகுது. கடலே ஒத்துக்காத ஆளு எப்படிங்க ஏற்றுமதியாளருக்கெல்லாம் தலைவரா இருக்கறது?"

யோசித்தால் இதில் அர்த்தமே இல்லை. யோசிக்க யாருக்கும் நேரமில்லை. கப்பலில் நீச்சல்குளம் உண்டா, இட்லி கிடைக்குமா என்று பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தோம். 'கப்பற்பயணத்தின்போது வாந்தி எடுக்கும் உறுப்பினர், தலைவர் பதவிக்குப் போட்டியிடும் தகுதியை இழப்பார்' என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மணியனும் கை தூக்கினார். தூக்காவிட்டால் தெரிந்துவிடும்.

மணியனின் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனியை மகன் பார்க்கிறான். தோட்டத்தைக் குத்தகைக்காரன் பார்க்கிறான். காலையில் சட்டை போட்டுக்கொண்டு போவதற்கு அவருக்கு மிச்சம் இருந்த இடம் சங்கத்து நாற்காலி ஒன்றுதான். வீட்டில் மருமகள்கூட அவரைத் 'தலைவர் மாமா' என்றுதான் கூப்பிடும். அது போனால் வெறும் மாமா.

அன்று வீட்டில் மனைவி தெய்வாத்தாள் கேட்டார்.

"ஏனுங்க, நீங்க வரலைன்னு சொல்லிப்போட்டா என்னுங்க?"

"தலைவரே வராத பொதுக்குழுவா?"

"அப்ப மெடிக்கல்ல ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கங்க. டீ குடிக்கிற காசுல முடிஞ்சுபோற சமாச்சாரம்."

"மாத்திரை போட்டா எனக்கு வாந்தி வரும்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

"வாந்தி எடுத்தா?"

 மருமகள் தேவிப்பிரியாதான் போனில் ஒரு படத்தைக் காட்டியது. ஒரு வெள்ளைக்காரர் கப்பலில் நின்று சிரிக்கிறார். மணிக்கட்டில் ஒரு பட்டை. பட்டையின் உட்பக்கம் ஒரு பட்டன். உள்ளங்கை முடியும் ரேகையிலிருந்து மூன்று விரல் தள்ளி, இரண்டு நரம்புக்கு நடுவே அந்தப் பட்டன் அமுக்கினால் குமட்டல் வராதாம். சீன வைத்தியம்.

மணியன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். வெள்ளைக்காரரைப் பார்க்கவில்லை. துணியைப் பார்த்தார்.

"இது ரிப் துணி. பனியன் கழுத்துக்கு வெக்கறதுதான். இத நாம செய்யாம வேற எவன் செய்யறது?"

தனக்கு மட்டும் கட்டினால் தெரிந்துவிடும். எல்லோர் கையிலும் கட்டிவிட்டால் யாருக்குத் தேவை என்பது யாருக்கும் தெரியாது. சர்க்கார் நடத்துகிறவர்களுக்கு இந்த வித்தை பழக்கம். மணியனுக்குத் தானாகவே தோன்றியது.

மறுநாளே 'உறுப்பினர் நலன் கருதி' வாந்தித் தடுப்பு உபகுழு அமைந்தது. செயலாளர் தனபால் அதன் அமைப்பாளர். முதல் கூட்டத்தில் முதல் கேள்வியை அவரே கேட்டார்.

"மூணு வெரலுன்னா யாரு வெரலுங்ணா?"

நியாயமான கேள்வி. அளவு இல்லாமல் இந்த ஊரில் ஒரு நாடாகூட வெட்ட மாட்டார்கள். எல்லோரும் மேசைமேல் விரலை வைத்தோம். ஒருவர் விரல்போல் இன்னொருவர் விரல் இல்லை. மதியச் சாப்பாடு வரை விவாதித்து, தலைவரின் விரலே சங்கத்தின் விரல் என்று முடிவானது. மணியன் சின்ன வயதில் மண்வெட்டி பிடித்தவர். ஒவ்வொரு விரலும் பூவன்பழம் மாதிரி இருக்கும். அந்தக் கணக்கில் பட்டை தைத்தபோது, ஒல்லியான ஆட்களுக்குப் பட்டன் முழங்கைப் பக்கம் போய் நின்றது.

அடுத்தது நிறம். பொறுப்பாளர்களுக்குத் தங்க இழை ஓடிய பட்டை, உறுப்பினர்களுக்கு நீலம். முன்னாள் தலைவர்கள் தங்களுக்கு வெள்ளை வேண்டும் என்றார்கள். அழுக்குத் தெரியும் என்று சொன்னதும் தங்கமே போதும் என்றார்கள். முதல் சாம்பிள் வெளியே வந்ததுமே ஊரில் பரவிவிட்டது. பட்டை கட்டியவன் கப்பலுக்குப் போகிறவன். பட்டை இல்லாதவன் பஸ்ஸுக்குப் போகிறவன். கப்பலுக்கு டிக்கெட்டே எடுக்காதவர்கள் கல்யாண மண்டபத்தில் பட்டையோடு சுற்றினார்கள். சோறு பரிமாறும்போது கையை நீட்டி நீட்டிக் காட்டினார்கள்.

அப்போதுதான் சித்ரகலா வந்தது. கம்பெனிகளில் பாதுகாப்பு விதியெல்லாம் பார்க்கும் பெண். ஒரு கையில் பட்டை, இன்னொரு கையில் பட்டன். தனித்தனியாக.

"சார், பட்டன் வெக்கக் கூடாதுங்க."

"ஏங்கண்ணு?" என்றார் மணியன்.

"இழுவை டெஸ்ட்ல பிச்சுக்கிச்சுங்க. கொழந்தை வாயில போட்டா தொண்டையில அடைச்சுக்கும். மொத்த லாட்டும் ரிஜெக்ட்டுங்க."

"சங்கத்துல ஏது கண்ணு கொழந்தை? இருக்கறதுலயே சின்னவனுக்குச் சர்க்கரை வியாதி."

"ரூல்ல வயசு போடலீங்க சார்."

"பட்டன் இல்லாட்டி அது எதை அமுக்கும்?"

"அது வைத்தியத்துல வர்றதுங்க. நான் பாதுகாப்பு மட்டுந்தான் பாப்பேன்."

விதியோடு சண்டை போட முடியாது. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் போடும் விதி எதற்கென்று எங்களில் ஒருவரும் இதுவரை கேட்டதில்லை. கேட்டவன் ஆர்டர் வாங்கியதில்லை. தனபால்தான் வழி கண்டார்.

"பட்டனை பிரிண்ட் போட்டுரலாம்ங்ணா. பாத்தா அசல் பட்டன் மாதிரியே இருக்கும். நாலு ஓட்டைகூடப் போடலாம்."

போட்டார்கள். அழகான பிரிண்ட். சலவையில் சாயம் போகவில்லை. வியர்வையில் அழியவில்லை. வெயிலில் மங்கவில்லை. எல்லாச் சோதனையிலும் பாஸ். வாந்தியை நிறுத்துமா என்ற சோதனை அட்டவணையில் இல்லை. ஆகவே அதில் பெயிலாகவும் இல்லை.

மணியன் மட்டும் யாருக்கும் தெரியாமல் பட்டையைக் கட்டிக்கொண்டு சேவூர் வரை காரில் போய்ப் பார்த்தார். வழியில் அவிநாசியைக்கூட வயிறு தாண்ட விடவில்லை.

மறுநாள் அவசரச் செயற்குழு. தனபால் ஒரு திருத்தம் வாசித்தார். 'சங்கத்தின் பட்டையை முறைப்படி அணிந்துள்ள உறுப்பினரின் வயிற்றிலிருந்து வெளிவருவது எதுவாயினும் அது வாந்தியாகக் கருதப்படமாட்டாது. ஏற்கெனவே உள்ளே பெறப்பட்ட சரக்கின் மறு ஏற்றுமதியாகக் கொள்ளப்படும்.'

எதிர்ப்பு வரும் என்று மணியன் பயந்திருந்தார். வரவில்லை. எல்லோரும் அந்த வாரம் போனில் கடல் அலை பார்த்திருந்தோம்.

தமிழ்செல்வன் சிரித்தார். "சரிங்க. ஆனா ஒண்ணு சேத்துக்கங்க. சங்கம் நியமிச்ச சப்ளையர்கிட்ட வாங்குன பட்டையத் தவிர, வெளிச்சரக்கு எதையும் தொடக் கூடாது. மாத்திரை, மருந்து, எதுவும். மீறுனா தகுதி நீக்கம்."

மணியன் ரகசியமாக மாத்திரை போடுவார், பிடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. அதுவும் ஏகமனதாக நிறைவேறியது.

ரயிலில் சென்னை போனோம். மணியன் கம்பீரமாக இருந்தார். கப்பலிலும் முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. சாப்பாடு டிக்கெட்டிலேயே சேர்ந்தது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் ஆட்களிடம் அப்படிச் சொல்லவே கூடாது. ஒருவர் விடாமல் மூன்று தட்டுச் சாப்பிட்டோம். பட்டையின் மகிமை என்று பேசிக்கொண்டோம்.

மறுநாள் காலை பொதுக்குழு. காற்று மாறியிருந்தது. ஹாலில் வைத்த குத்துவிளக்கு நின்ற இடத்தில் நிற்காமல் மெல்ல நகர்ந்தது. எங்கள் வயிறும்.

மணியனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கைப் பிடித்தார். "அன்பார்ந்த உறுப்பினர்களே, கடல் நமக்குத் தாய். அந்தத் தாயின் மடியில்..." என்றார். அதற்கு மேல் தாய் விடவில்லை. பொன்னாடையை வாயில் பொத்தினார். பொன்னாடை போதவில்லை.

தனபால் மினிட் புத்தகத்தில் 'தலைவர் எழுச்சியுரை ஆற்றினார்' என்று எழுதி முடித்தார். பிறகு அவரும் எழுச்சியுற்றார். அப்புறம் முதல் வரிசை. அப்புறம் வரிசையாக. பட்டை கட்டிய கையால் வாயைப் பொத்திக்கொண்டோம். பிரிண்ட் பட்டனுக்குக் கிடைத்த முதல் வேலை அதுதான்.

வாளியோடு ஓடிவந்த வடநாட்டுப் பையன் கேட்டான். "வாமிட், சார்?"

"நோ," என்றார் தனபால், மூச்சு வாங்கிக்கொண்டு. "ரீ-எக்ஸ்போர்ட்."

அவன் எங்களைப் பார்த்தான். வாளியை வைத்துவிட்டுப் போனான்.

ஹாலில் சுத்தமான சட்டையோடு நின்ற ஒரே ஆண்பிள்ளை தமிழ்செல்வன். அவர் மேடையில் ஏறிவிட்டார்.

"பாத்தீங்களா! எல்லாரும் பாத்தீங்கல்ல! தலைவர் வாந்தி எடுத்துட்டார்!"

"யாரும் வாந்தி எடுக்கலீங்க," என்றார் தனபால். "எல்லாரும் பட்டை கட்டியிருக்கறோம்."

"சரி, எடுக்கலைன்னே வெச்சுக்கங்க. எனக்கு அதுகூட வரலியே! கடலுக்குத் தகுந்த ஆளு நானா, அவரா?"

இது கொஞ்சம் இடித்தது. நாலைந்து பேர் தலையாட்டினார்கள். மணியன் நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்தார். அலைக்காகப் பிடித்த மாதிரி இல்லை.

பட்டைக்குப் பொறுப்பு என்று உபகுழு கூட்டிவந்திருந்த சித்ரகலா எழுந்தது. கம்பெனியில் பேசும் அதே குரல்.

"சார், பட்டை பூரா ஒரே லாட்டுங்க. ஒரே துணி, ஒரே பிரிண்ட். எல்லாப் பீஸும் ஒரு மாதிரி ரிசல்ட் குடுத்து, ஒரு பீஸ் மட்டும் வேற மாதிரி குடுத்தா, கோளாறு அந்த ஒரு பீஸ்லதானுங்க."

 எங்களுக்குப் புரிந்த பாஷை இது. எல்லோரும் தமிழ்செல்வனைச் சந்தேகமாகப் பார்த்தோம். வாந்தி எடுக்காத மனிதன். ஏன் எடுக்கவில்லை?

"தமிழு, நீங்க எதாச்சும் போட்டீங்களா?" என்றார் தனபால்.

"நானா? நான் எதுக்குங்க..."

பெண்கள் வரிசையிலிருந்து தெய்வாத்தாள் சொன்னார்.

"நாந்தானுங்க குடுத்தேன்."

தமிழ்செல்வன் கண்ணை மூடிக்கொண்டார்.

"காத்தால வராண்டாவுல கம்பியப் புடிச்சுட்டு நின்னுச்சுங்க இந்தத் தம்பி. மொகமெல்லாம் பச்சையாப் போச்சு. பாவமா இருந்துச்சு. இவருக்குன்னு வாங்கியாந்த மாத்திரை. இவருதான் தொட மாட்டேன்னுட்டாரே. வீணாப் போகுதேன்னு ஒண்ணு குடுத்தேன். அக்கா, நீங்க நல்லா இருப்பீங்கன்னு சொல்லிட்டு முழுங்குச்சு."

"நீங்க போட்டீங்களாக்கா?" என்றார் தனபால்.

"நாங்க பொம்பளைங்க எல்லாருமே போட்டுட்டோமுங்க. எங்களுக்கு எந்தப் பதவியும் வேண்டாம், மத்தியானச் சோறு வேணும்."

வெளிச்சரக்கு. நியமிக்காத சப்ளையர். அவரே கொண்டுவந்த விதி. தமிழ்செல்வன் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். மணியன் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். 'பயணத்தில் எவரும் வாந்தி எடுக்கவில்லை. சங்கப் பட்டை முழு வெற்றி' என்று பதிவாயிற்று. கை தூக்கினோம். தூக்கும்போது சிலருக்கு மறு ஏற்றுமதி நடந்தது.

ஊர் திரும்பியதும் தெய்வாத்தாளின் பிறந்த ஊரான மடத்துக்குளத்தில் மணியனுக்குப் பாராட்டு விழா. கார்களாக வரிசை கட்டிப் போனோம். கண்ணாடிக்கு வெளியே ஒவ்வொரு காரிலும் ஒரு பட்டை கட்டிய கை.

பல்லடத்தில் முதல் கார் நின்றது. எல்லாக் காரும் நின்றது. மணியன் இறங்கி, அதே டீக்கடைக்குப் பின்னால் போனார். இந்தத் தடவை போன் பேசுவதாகச் சொல்லவில்லை. சொல்ல அவசியமில்லை.

காருக்குள் தெய்வாத்தாள் கைப்பையைத் திறந்தார், மாத்திரை அட்டையைப் பார்த்தார், மூடினார்.

டீக்கடைக்காரர் கழுவிக்கொண்டிருந்த கிளாஸை நிறுத்திக் கேட்டார். "ஏனுங்க, அவருக்கு ஒடம்புக்குச் சரியில்லீங்களா?"

"நல்லாத்தான் இருக்கறாருங்க," என்றார் தனபால். "பட்டை கட்டியிருக்கறாரு பாருங்க."

டீக்கடைக்காரர் கொஞ்ச நேரம் கடைக்குப் பின்னால் வரும் சத்தத்தைக் கேட்டார். பிறகு எங்கள் கைகளைப் பார்த்தார். ஒரு கை விடாமல் பார்த்தார்.

"எனக்கும் ஒண்ணு கெடைக்குங்களா?" என்றார்.

தனபால் கொடுத்தார். அவர் கட்டிக்கொண்டு வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். எல்லோரும் சேர்ந்து வானத்தைப் பார்த்தோம். வானத்தில் ஒன்றுமில்லை. மணியன் வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தோம்.