ரூட்டரில் வந்து போகும் மகள்

எங்கள் வீட்டில் பாதுகாப்பு அமைச்சு என்ர கையில். மிச்ச அமைச்செல்லாம் மனிசி சிவமணியிடம். பென்ஷன் எடுத்த பிறகு எனக்குக் கிடைத்த ஒரே பதவி, வைஃபை ரூட்டரைக் காவல் காப்பது. யார் வந்தார், யார் போனார் என்று ரூட்டருக்குள் இருக்கிற காவல்காரன் ஃபயர்வோல் எழுதி வைக்கிறதை நாள் தவறாமல் போனில் வாசிப்பேன். விளங்குதோ இல்லையோ, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிப்பேன்.

ஒருநாள் களவைப் பிடித்தேன். 192.168.1.14 என்றொரு நம்பர் ரூட்டரில் நிற்குது. என்ர போன் இல்லை, சிவமணியின்ர போன் இல்லை, டிவியும் இல்லை. பின்னேரம் நான் கொழும்புக் கடற்கரையோரம், மரைன் டிரைவில் நடக்கப் போனதும் வருது, நான் திரும்ப முன்னமே போயிடுது. யாரோ எங்கட வைஃபையைக் களவெடுக்கிறான் என்றேன். சிவமணி கீரை ஆய்ந்துகொண்டே, எடுத்தா எடுக்கட்டும், குறைஞ்சா போயிடும் என்றாள். நாட்டுப்பற்று இல்லாத மனுஷி.

மேல்மாடி ராகுலன்தான் கள்ளன் என்று முடிவுகட்டிப் படியேறினேன். அவனுக்கு ஒரு வங்கியில் கம்ப்யூட்டர் வேலை. சண்டைக்குப் போனவனை இருத்தித் தேத்தண்ணி தந்தான். இது வெளியாளின் நம்பர் இல்லை, வீட்டுக்குள் வருகிற போனுக்கு உங்கட ரூட்டரே குடுக்கிறது, பாஸ்வேர்ட் தெரிஞ்ச ஆள்தான் வந்திருக்கு என்று விளக்கினான். பிறகு என்ர போனை வாங்கி அடுத்த பக்கத்தைத் திறந்தான்.

"அங்கிள், நம்பருக்குப் பக்கத்தில பேரே கிடக்கு. பார்க்கேல்லையா?"

ஆரணி என்று கிடந்தது.

ஆரணி என்ர ஒரே மகள். ரொஷான் என்ற சிங்களப் பெடியனைக் கட்டி, இதே கொழும்பில் கிருலப்பனையில் இருந்தாள். இனி என்ர வாசல் மிதிக்கக் கூடாது என்று அன்றைக்குச் சொன்னவன் நான்தான். அப்படியென்றால் நான் இல்லாத நேரம் பார்த்து, பிள்ளை வந்து தாயோடு கதைத்துவிட்டுப் போகிறாள். கோபம் வருமென்று பார்த்தேன். வரவில்லை. இறங்கும்போது படியிலேயே இருந்து அழுதேன்.

சிவமணிக்கு ஒன்றும் காட்டவில்லை. அடுத்த நாளில் இருந்து நடையைக் கூட்டினேன். நான் எவ்வளவு நடக்கிறேனோ, அவ்வளவு நேரம் பிள்ளை வீட்டில் இருப்பாள். கடற்காற்று நெஞ்சுக்கு நல்லது, டொக்டர் சொன்னவர் என்று புளுகினேன். தெகிவளை வரைக்கும் நடந்து, கால் நோவில் இருட்டின பிறகு ஓட்டோ பிடித்துத் திரும்பிய நாளும் உண்டு. வந்ததும் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால், அந்தப் பதினாலாம் நம்பர் நெடுநேரம் நின்றிருக்கும். எனக்கு வாயெல்லாம் பல். மனிசியை ஏமாற்றுவது இவ்வளவு சுகமென்று இவ்வளவு காலமும் தெரியாமல் போச்சு.

இரண்டு மூன்று மாசம் போக, ஆசை முற்றிவிட்டது. நேற்றுப் பாதி வழியில் திரும்பினேன். "வாம்மா" என்று சொல்லிப் பழகிக்கொண்டே வந்தேன். லிஃப்டில் சத்தமாகவே சொல்லிவிட்டேன், பக்கத்தில் நின்ற பெண் முறைத்தாள்.

கதவைத் திறந்தால், சிவமணி தனிய இருந்தாள். மேசையில் ஆரணியின்ர போன் சார்ஜில் கிடந்தது.

"பிள்ளை எங்க?"

"போன மாசமே புருஷனோட மெல்பேர்னுக்குப் போயிட்டாள். பழைய போனை இஞ்ச விட்டிட்டுப் போனவள். நீங்கள் நடக்கப் போனதும் நான்தான் அதைப் போட்டுவிடுறனான். நீங்கள் ஒவ்வொரு நாளும் அந்த நம்பரைப் பார்த்துச் சிரிக்கிறீங்கள். நிப்பாட்ட எனக்கு மனம் வரேல்ல."

எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறாள். நான் மேசையடிக் கதிரையில் உட்கார்ந்தேன்.

"போக முதல் என்னை ஒருக்காப் பார்க்க வேணும் எண்டு அவளுக்குத் தோன்றேல்லையோ?"

"கடைசி நாள் அப்பாவைப் பார்த்திட்டுத்தான் போவன் எண்டு இருட்டும் வரைக்கும் இருந்தவள்." சிவமணி கண்ணைத் துடைத்தாள். "அண்டைக்குத்தான் நீங்கள் தெகிவளை வரைக்கும் நடந்தனீங்கள்."