பால்கனி டெலிவிஷன்

பட்டாபி வீட்டு டெலிவிஷனில் கதாநாயகன் மறுபடியும் சாய்ந்துவிட்டான். தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.

"ஓய் நாகரத்தினம், உம்ம ஸ்டேஷன் ஆரம்பிச்சு மூணு வாரமாச்சு. இன்னிவரைக்கும் ஒருத்தனும் நேரா நிக்கலை" என்று மைதானத்தைத் தாண்டி வந்து முறையிட்டார் பட்டாபி. முறையிட அவருக்கு உரிமை உண்டு. படம் ஓட்டும் வி.சி.ஆர். அவருடையது.

மற்றதெல்லாம் நாகரத்தினத்துடையது. மத்திய அரசு ஆய்வுக்கூடம் ஒன்றில் டெக்னீஷியன். கல்கத்தா சால்ட் லேக்கின் அரசாங்கக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. சாந்தினி மார்க்கெட்டில் பொறுக்கிய பழைய ரேடியோ சாமான்களை வைத்துச் சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி செய்து, பால்கனி மூங்கிலில் ஏரியல் கட்டி, 1983 நவம்பரில் ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்குத் தமிழ்ப் படம் அனுப்ப ஆரம்பித்தார். அரசாங்க டெலிவிஷன் ஆறு மணிக்குத்தான் கண் விழிக்கும். அது தூங்குகிற நேரத்தில் அதே சேனலில் இவர் புகுந்து புறப்பட்டார். அரசாங்க ஊழியர் ஒருவர் அரசாங்கத்துக்குத் தெரியாமல் டெலிவிஷன் நிலையம் நடத்தினால் வேலை போகும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அவர் மனைவி அலமு கல்கத்தாவுக்கு வந்து நாலு வருஷமாகியும் வங்காளத்தில் பத்து வார்த்தை தெரியாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்காகத்தான் இந்த விஷப்பரீட்சை. குடியிருப்பிலிருந்த பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்களும் பார்க்கட்டும் என்று பெட்டியைக் கொஞ்சம் பெரிதாகச் செய்தார், அவ்வளவுதான்.

படம் நேராக நிற்க வேண்டுமானால், நேர் கோடுகளும் வட்டங்களும் உள்ள ஒரு சித்திரத்தை முதலில் காட்டி எல்லோரும் தங்கள் பெட்டியைத் திருகிச் சரிசெய்துகொள்ள வேண்டும். நாகரத்தினம் சார்ட் பேப்பரில் வட்டம் போட்டார். அது கத்தரிக்காய் மாதிரி வந்தது.

"நேர் வரிசையும் வட்டமும்தானே? தள்ளுங்க" என்றாள் அலமு.

பால்கனியின் கறுப்புச் சிமெண்டுத் தரையைத் துடைத்தாள். பதினைந்து புள்ளி, இடைப்புள்ளி எட்டு வரை. பிறகு புள்ளிகளைச் சுற்றி நெளிந்து நெளிந்து ஒரே கோடு. ஆய்வுக்கூடத்தில் கழித்துக்கட்டிய பழைய கேமராவை நாகரத்தினம் துணி உலர்த்தும் கம்பியில் தலைகீழாகக் கட்டினார். அலமுவின் கையும் வளையலும் மட்டும் படத்தில் தெரிந்தன. கோலம் முடியச் சரியாகக் கால் மணி நேரம் ஆயிற்று. பட்டாபி வீட்டுக் கதாநாயகன் அன்று நிமிர்ந்து நின்றான்.

ஆனால் மங்கலாக நின்றான். பட்டாபி இருந்தது கடைசி பிளாக். நாகரத்தினம் வீச்சைக் கூட்டும் பூஸ்டர் ஒன்று வாங்கி மாட்டினார். பட்டாபிக்குத் தெளிந்தது. கூடவே எட்டு பிளாக்கிலும், நூற்றிருபத்தெட்டு வீட்டில் டெலிவிஷன் உள்ள அத்தனையிலும் தெளிந்தது. இந்த விவரம் நிலையத்தாருக்குத் தெரியாது.

அதுமுதல் சனிக்கிழமைதோறும் படத்துக்கு முன்னால் அலமுவின் புதுக் கோலம் ஒன்று. பட்டாபியின் அடுத்த குறை இரண்டு வாரத்தில் வந்தது. "கால் மணி கோலத்துக்குப் போயிடறது. கிளைமாக்ஸ் வரச்சே ஆறு மணி அடிச்சு சர்க்கார் முழிச்சுக்கறது. கல்யாணம் ஆச்சா இல்லையான்னு தெரியாம எழுந்து போறோம். கோலம் பார்க்கவா நான் வி.சி.ஆர். குடுத்தேன்?"

நியாயம்தான். அந்தச் சனிக்கிழமை பத்தாவது நிமிஷமே கோலத்தை வெட்டிப் படத்தைப் போட்டார்.

திங்கட்கிழமை குடியிருப்புச் சங்கச் செயலாளர் பிஸ்வாஸ் பாபு படியில் மறித்தார். வங்காளமும் இந்தியுமாகப் பேசினார்.

"நாக்பாபு, சனிக்கிழமை உங்க வீட்டுப் படம் எல்லார் டி.வி.யிலும் வருது. ஏழு வீட்டுப் பெண்கள் புகார் கொடுத்திருக்காங்க. ரொம்பக் கோபமா இருக்காங்க."

நாகரத்தினம் ஒரு படி கீழே இறங்கி நின்றார். "எல்லார் டி.வி.யிலுமா?"

"என் வீட்டிலும். ஏழில் ஒண்ணு என் சம்சாரம். விவரம் கேட்டா, உனக்குச் சொன்னாப் புரியாதுன்னுட்டா."

எவ்வளவு நேரம் காற்றில் இருக்கிறோமோ அவ்வளவுக்கு ஆபத்து என்று நாகரத்தினம் கணக்குப் போட்டார். எதைக் குறைக்கலாம்? படத்தைக் குறைத்தால் பட்டாபி கொன்றுவிடுவார். கோலத்தை ஐந்து நிமிஷமாக்கினார்.

புகார் நாற்பதாயிற்று.

"நான் வேணா அவங்ககிட்ட போய் என்னன்னு கேட்டுட்டு வரட்டுமா?" என்றாள் அலமு.

"உனக்குத் தெரிஞ்ச பத்து வார்த்தையிலே நாலு காய்கறி பேரு. பேசாம இரு."

"மார்க்கெட்ல எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. முகத்தைக்கூடப் பார்க்குறதில்லை. கையையே பார்க்குறாங்க."

"விலங்கு மாட்டப்போற கை எப்படி இருக்குன்னு பார்க்குறாங்க."

அன்று பிஸ்வாஸ் பாபுவைச் சமாதானப்படுத்த டி பிளாக் போனபோது, மாடிப்படியில் வீட்டுக்கு வீடு சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்திருந்தது. கணக்கெடுப்புக்காரர்கள் வைத்த குறி என்று எண்ணித் தாண்டிப் போனார். பயந்த மனிதனுக்குப் படிக்கட்டில் என்ன தெரியும்?

வழியில் ஒரு யோசனை உதித்தது. இத்தனை கோபமும் தமிழ்ப் படம் என்பதால்தானே? வங்காளிகளுக்கு வங்காளப் படமே போட்டுவிட்டால்? தமிழர்கள் நிறைந்த லேக் மார்க்கெட்டிலிருந்து வரும் தமிழ்க் கேசட்டை நிறுத்திவிட்டு, கண்ணீர் சொட்டும் வங்காளப் படம் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். ஒரு நிமிஷம்கூட வீணாகக் கூடாது என்று கோலத்தை அடியோடு ரத்து செய்தார். அலமு கோலமாவு டப்பாவை மூடி அலமாரி மேல் வைத்தாள். அந்த முகத்தைப் பார்க்க அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

புகார் நூற்றிப் பன்னிரண்டு. டெலிவிஷன் இல்லாத வீட்டார்கூடக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"நாக்பாபு, விஷயம் என் கையை மீறிப் போச்சு" என்றார் பிஸ்வாஸ் பாபு. "ஜி பிளாக் சன்யால் ஒயர்லெஸ் இன்ஸ்பெக்டர், லைசென்ஸ் இல்லாம ஒலிபரப்புறவங்களைப் பிடிக்கிறதுதான் அவர் வேலை. மனுவை நேரா அவர்கிட்டயே கொடுத்துட்டாங்க. ஞாயிற்றுக்கிழமை காலையிலே வர்றார்."

பட்டாபி அன்று மாலையே வந்து வி.சி.ஆரைப் போர்வையில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டார். "நமக்குள்ளே பழக்கமே இல்லை, ஓய். யாராவது கேட்டா, பட்டாபி யாருன்னு கேளும்."

ஞாயிறு காலை நாகரத்தினம் ராஜினாமாக் கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிடுங்குவதற்கு முன் கொடுத்துவிட்டால் மானமாவது மிஞ்சும். கீழே எட்டிப் பார்த்தார். சன்யால் முன்னால் வர, பின்னால் படி கொள்ளாமல் பெண்கள். ஒவ்வொருத்தி கையிலும் மடித்த காகிதம். மனுவுக்கு ஆளுக்கொரு நகல் என்று புரிந்துகொண்டார்.

"அலமு, நீ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்க."

"எதுக்கு? நான் என்ன திருடினேனா?" என்று அவள் சமையலறை வாசலிலேயே நின்றாள்.

சன்யால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பெட்டியைப் பார்த்தார், பூஸ்டரைப் பார்த்தார், மூங்கிலைப் பார்த்தார். இந்தியில் கேட்டார்.

"நீங்களே செஞ்சதா?"

"ஆமா சார்."

"நல்லாச் செஞ்சிருக்கீங்க. இறக்குங்க."

நாகரத்தினம் மூங்கிலை இறக்கினார். எட்டு வாரச் சரித்திரம் கொண்ட நிலையம் தரையில் கிடந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ராஜினாமாக் கடிதத்தை எடுத்து நீட்டினார். சன்யால் அதைப் படித்து, நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜையின் காலுக்கு அண்டை கொடுத்தார்.

"காத்துல படம் அனுப்புறது குத்தம். இனிமே அனுப்பக் கூடாது. பெட்டியை மேஜைக்குள்ளே பூட்டி வைங்க."

"சத்தியமா அனுப்ப மாட்டேன் சார்."

"கம்பி இழுத்து வீட்டுக்கு வீடு கொடுத்தா, அது காலிங் பெல் மாதிரி. அதுக்கு நான் எதுக்கு வரணும்? கம்பிச் செலவை இவங்க எல்லாரும் ஏத்துக்கறாங்களாம்."

நாகரத்தினம் பெண்களைப் பார்த்தார். முன்வரிசையில் நின்ற பிஸ்வாஸ் பாபுவின் மனைவி, அவரைத் தாண்டி அலமுவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் கம்பியை இவங்க எதுக்கு சார் வாங்குவாங்க? நூத்திப் பன்னிரண்டு பேரும் என்னை எதிர்த்துல்ல கையெழுத்துப் போட்டிருக்காங்க?"

சன்யால் கையிலிருந்த மனுவைத் திருப்பினார். பின்பக்கம் முழுக்க வரிசை வரிசையாகப் புள்ளி. பாதி தூரம் நெளிந்து வந்த பென்சில் கோடு ஒன்று நடுவில் வழி தெரியாமல் நின்றது. பெண்களும் தங்கள் காகிதங்களைப் பிரித்தார்கள். எல்லாக் கோடும் அதே புள்ளியில் நின்றிருந்தது.

"எதிர்த்துத்தான்" என்றார் சன்யால். "கோலம் பத்தாவது நிமிஷத்துல இங்கே நிக்கும்போது நீங்க சினிமாவைப் போட்டுட்டீங்க, அன்னையிலேருந்து என் மனைவி சரியாச் சமைக்கலை, உங்க வீட்டம்மாவைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க, இந்தக் கோடு அடுத்தது எந்தப் பக்கம் திரும்பும்?"