மசில் பிரேக்கும் ஒரு "படுங்கோ"வும்

விளங்காத இடத்தில்தான் நான் அதிகம் தலையாட்டுவேன். இது என் மனைவி வதனியின் கண்டுபிடிப்பு. "இவர் ஓம் ஓம் எண்டு தலையாட்டினால், ஒண்டும் விளங்கேல்லை எண்டு அர்த்தம்" என்று வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறாள். இந்தத் தலையாட்டலால் ஒருநாள் நான் ஒரு மரியாதையான மனிதரை மாட்டுச் சாணியில் குப்புற விழுத்தியிருக்கிறேன்.

ஆக்லாந்துக்கு வந்த புதிது. பென்ரோஸில் ஒரு சின்ன லேத் பட்டறையில் நேர்முகம். முதலாளி கிரெய்க் வாய்க்குள்ளேயே பேசுகிற ஆள். "நாங்கள் மசில் பிரேக் செய்கிறோம், ஃபிளாஷ் ஹைடர் செய்கிறோம். உனக்கு அதில் ஆட்சேபம் ஒன்றும் இல்லையே?" என்றார்.

மசில் என்றால் தசை. ஆகவே தசை வைத்த பிரேக், அதாவது பாரமான லொறிக்குப் போடுவது. ஃபிளாஷ் என்றால் கமெரா. பிரேக் செய்வதற்கு யாருக்கு என்ன ஆட்சேபம்? தலையாட்டினேன். வேலை கிடைத்தது.

இரண்டு கிழமையாக, பக்கவாட்டில் துளைகள் போட்ட உருக்குக் குழாய்களைக் கடைந்து தள்ளினேன். (துளை போட்ட குழாய் எப்படி லொறியை நிறுத்தும் என்று ஒருவன் யோசித்திருக்க வேண்டும். நான் விசாவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.) முதல் மூன்று மாதம் ஆளைச் சோதித்துப் பார்க்கும் காலம். விசா அந்த வேலையோடு கட்டியிருந்தது. வேலை போனால் நானும் வதனியும் தொட்டிலில் கிடந்த மகளும் திரும்ப விமானம் ஏறவேண்டியதுதான்.

இதற்கிடையில் கோயிலில் எல்லோரிடமும் "லொறிக்குப் பிரேக் செய்யிறன்" என்று சொல்லிவிட்டேன். ஒரு அண்ணர் தன் காரையே கொண்டுவந்து வாசலில் விட்டார். "லொறிக்கே செய்யிற ஆளுக்கு என்ர கார் எம்மாத்திரம், தம்பி?"

ஒரு வெள்ளிக்கிழமை கிரெய்க், "வா, பிரேக்கைச் சோதித்துப் பார்க்கப் போகிறோம்" என்றார். லொறி ஓட்டப் போகிறோம் என்று நினைத்து நல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஏறினேன். பாபகூராவைத் தாண்டி, ஒரு பண்ணையில் நிறுத்தினார். அங்கே பேரி நின்றார். பண்ணைக்காரர். மலையில் மான் சுடப் போகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடையும் வைத்திருந்தார். அவர் வாங்கினால் எங்கள் பட்டறைக்கு வருடம் முழுக்க வேலை. ஒரு கையில் தேநீர்க் கோப்பை, மறு கையில் பாதி கடித்த இறைச்சிப் பேஸ்ட்ரி. உருவத்தில் என்னைப்போல் இரண்டு பேர்.

கிரெய்க் வண்டியின் பின்பக்கத்திலிருந்து ஒரு நீளப் பெட்டியை எடுத்துத் திறந்தார்.

ரைஃபிள்.

அதன் வாயில், நான் கடைந்த குழாயை எடுத்துத் திருகிப் பூட்டினார். (துப்பாக்கியின் வாய்க்கும் ஆங்கிலத்தில் மசில் என்றுதான் பெயராம்.)

எத்தனையோ கடல் தாண்டி, எந்தச் சாமானுக்குப் பயந்து ஓடிவந்தேனோ, அதற்கே இரண்டு கிழமையாக உதிரிப்பாகம் செய்து கொடுத்திருக்கிறேன்! ஓடலாம் என்றால் வழி தெரியாது. மாட்டேன் என்றால் விசா. சிரித்துக்கொண்டு நின்றேன். அது சிரிப்புத்தானா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

காதுக்கு மூடி தந்தார்கள். போட்டேன். கிரெய்க்கின் உதடு அசைந்தது, கை எதையோ காட்டியது. ஒன்றும் கேட்கவில்லை. ஆகவே தலையாட்டினேன். கட்டைவிரலையும் உயர்த்திக் காட்டினேன்.

எங்கே நிற்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் பாருங்கள். துப்பாக்கிக்கு முன்னால் நிற்கக்கூடாது, பின்னாலும் நிற்கக்கூடாது, பக்கத்துக்கு ஒதுங்கவேண்டும். இது ஊரில் வாய்ப்பாட்டுக்கு முன்னால் படித்தது. கிரெய்க் கீழே படுத்துக் குறிபார்த்தார். நான் புத்திசாலித்தனமாக அவருக்குப் பக்கவாட்டில் போய் நின்றேன்.

சத்தம் காதுக்கு வரவில்லை. நெஞ்சுக்கு வந்தது. யாரோ ஒரு கதவைக் கழற்றி என் மேல் அடித்ததுபோல் இருந்தது.

அதன் பிறகு நடந்ததை என் உடம்புதான் செய்தது. "படுங்கோ! படுங்கோ!" என்று கத்தியபடி, பின்னால் நின்ற பேரியின் மேல் பாய்ந்து, கோட்டுக் கொலரைப் பிடித்து அந்த மலையைச் சாய்த்து, அவர் தலைக்கு மேல் என் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு கிடந்தேன். (அந்தப் பயத்திலும் "படு" என்று சொல்லவில்லை, "படுங்கோ" என்றேன். மரியாதை தவறவில்லை.) கண்ணை மூடிக்கொண்டு, அடுத்த ஷெல் எங்கே விழும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது விழவில்லை. கண்ணைத் திறந்தபோது மாடுகள் பார்த்துக்கொண்டு நின்றன. தேநீர் என் முதுகில் ஆறிக்கொண்டிருந்தது.

கிரெய்க் என் காதுமூடியைக் கழற்றினார். "மேட், பக்கத்தில் நிற்காதே என்று சொன்னேனே! பிரேக் வெடிக்காற்றைப் பக்கத்துக்குத்தான் தள்ளும். தோளில் உதை குறைவது அதனால்தான். நீ கட்டைவிரல் காட்டினாயே!"

நானே அளந்து, நானே போட்ட துளைகள்.

பேரி எழுந்து, கன்னத்துச் சாணியைத் துடைத்தார். என் வேலை, விசா, வதனி, தொட்டில் எல்லாம் அந்தக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன.

"படங்கோ என்றால் என்ன?" என்று கேட்டார்.

"கெட் டவுன், சேர்."

"நீ எந்த ஊர்?"

சொன்னேன். அவர் தன் தலையை மூடியிருந்த என் கைகளைப் பார்த்தார்.

"எனக்குச் சாமான் விற்க எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். என் மேல் படுத்து என்னைக் காப்பாற்றப் பார்த்தவன் ஒருவனும் இல்லை" என்றார். பிறகு கிரெய்க்கிடம், "இவன் செய்வதை வாங்கிக்கொள்கிறேன். இவனை மட்டும் இனி இங்கே கூட்டிவராதே."

பென்ரோஸ் வருவதற்குள் நான் மனதுக்குள் பெட்டி கட்டி முடித்துவிட்டேன். இறக்கிவிடும்போது கிரெய்க் சொன்னார்: "திங்கள் ஏழு மணிக்கு வா. விளங்காவிட்டால் இல்லை என்று சொல்லப் பழகு."

தலையாட்டினேன்.

வீட்டில் கதையைச் சொன்னபோது வதனி சிரிக்கவில்லை. சட்டையை வாளியில் ஊறவைத்துவிட்டு, "முழங்கால் நோகுதோ?" என்று மட்டும் கேட்டாள். ஊரில் கேட்ட அந்தப் "படுங்கோ" அவளுக்கும் தெரியும்.

சிரிப்பு வர ஆறு வருடம் ஆனது. மகளுக்கு ஒருநாள் சாப்பாட்டு மேசையில் இந்தக் கதையை நடித்துக் காட்டினேன். அவள் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, வொய் டிட் யூ டெல் ஹிம் டு கோ டு ஸ்லீப்?"

அந்த மனிதரை ஏன் நித்திரைக்குப் போகச் சொன்னீர்கள்! எட்டு மணிக்கு "போய்ப் படுங்கோ" என்று அம்மா சொல்வாளே, அந்தப் படுங்கோ. அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். வதனி என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்: "அவருக்கு நித்திரை வந்தது, அம்மாச்சி."

பள்ளி விடுமுறையில் ஒருநாள் அவளைப் பட்டறைக்குக் கூட்டிப்போனபோது பேரி வந்திருந்தார். பெயரைக் கேட்டதும் மகள் நேரே போய், "ஆர் யூ த ஸ்லீப்பி மேன்?" என்று கேட்டுவிட்டாள். பேரி என்னைப் பார்த்தார். நான் கண்ணால் கெஞ்சினேன். அந்த மனிதர் வாயைப் பெரிதாகத் திறந்து ஒரு கொட்டாவி விட்டு, "ஆமாம் செல்லம், அன்றைக்கு எனக்குச் சரியான களைப்பு" என்றார்.

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது சோபாவில் தூங்கி விழுந்தால் "பேரி மாமா ஆயிட்டார்" என்பார்கள். படுங்கோ என்றால் மகளுக்கு இன்றைக்கும் தலையணையும் போர்வையும்தான். (மற்ற அர்த்தத்தை நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதையுங்கோ.)