மேளத்தின் மேல் வைத்த செல்கள்

என் ஆராய்ச்சி வேலையைக் கெடுத்தவன் என் அண்ணன் தேவேந்திரன். வேறு யாரும் இல்லை. (மூத்தவனை ‘அவன்’ என்று எழுதினால் அம்மா திட்டுவார். திட்டட்டும்.)

அவன் புந்தோங்கில் உருமி மேளக் குழு நடத்துகிறான். நான் அப்போது ஈப்போவில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் தற்காலிக உதவியாளர். செல் வளர்ப்பது என் வேலை. ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. உட்கார்ந்திருக்கும் தரை கடினமா, மெத்தென்று இருக்கிறதா என்று அதற்குத் தெரியும். கடினமான தரையில் செல் பரந்து ஒட்டிக்கொள்ளும். சவ்வு இழுபடும், அதில் உள்ள சின்னக் குழிகளும் மடிப்புகளும் விரிந்துபோகும். மெத்தென்ற தரையில் உருண்டையாக, மடிப்பும் சுருக்கமுமாகக் கிடக்கும். சவ்வு இழுபட்டால் அதில் உள்ள நுண்ணிய கதவுகள் திறந்து உள்ளே சேதி போகும். இவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

இதை வீட்டில் சொன்னால் எல்லோரும் கொட்டாவி விடுவார்கள். அண்ணன் ஒருவன்தான் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

“அப்போ அதுக்கு உக்கார்ற எடம் தெரியும்ங்கிற?”

“தெரியும்ணே.”

“கல்லுல வச்சா வெறச்சுக்கும். மெத்தையில வச்சா சுருண்டு படுத்துக்கும். நம்ம மாமா மாதிரி லா.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் எவ்வளவு அழகாக விளக்குகிறேன் என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன். முட்டாள்.

ஈப்போவிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், கமுந்திங்கில் ஓர் ஆய்வகத்தில் நல்ல நுண்ணோக்கி இருந்தது. அங்கே டாக்டர் சிவகாமி ஓர் ஆராய்ச்சி மாணவரைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரே ஓர் இடம். உயிருள்ள செல்களைக் கொண்டுவந்து காட்டு, பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். மெத்தென்ற ஜெல் மேல் செல் வளர்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டில் இல்லை. செல்லுக்குத் தீனி கொடுக்கப் போகிறேன் என்று நான் கிளம்பும்போதெல்லாம் அம்மா, “வீட்டுல இருக்கிற கோழிக்கு யாரு போடுறது?” என்பார்.

கொண்டுபோக வேண்டிய நாளில் என் கார் பட்டறையில் கிடந்தது.

“என் வேன்ல வா லா. அந்தப் பக்கம்தான் கோயில் திருவிழாவுக்குப் போறோம். உன்னை எறக்கி விட்டுட்டுப் போறேன்” என்றான் அண்ணன்.

நுண்ணிய சவ்வைப் பற்றிப் படித்தவள், மேளம் ஏற்றிய வேனில் அந்தச் சவ்வை ஏற்றினேன். செல்கள் இருந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். பள்ளம் வரும்போதெல்லாம் இருக்கையிலிருந்து எழும்பி நின்றேன். பின்னால் இருந்த மேளக்காரப் பையன்கள், “அக்கா, பெட்டியில முட்டையா?” என்று கேட்டுச் சிரித்தார்கள்.

கமுந்திங் சாலைச் சந்திப்பில் ஆய்வகத்துக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். அவன் இடது பக்கம் திருப்பினான்.

“அண்ணே! எங்க போற?”

“சாமி பொறப்பட்டுருச்சாம். கோயில் தலைவர் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. கெஜாப் லா, கொஞ்ச நேரம்தான், பத்தே நிமிஷம்.”

பழைய ரப்பர் தோட்டம் அது. இப்போது சுற்றிலும் எண்ணெய்ச் செம்பனை மரங்கள். ஜனங்கள் எல்லாம் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். திருவிழாவுக்கு மட்டும் வருவார்கள். வந்தவர்கள் என்னைப் பிடித்து இழுத்தார்கள். “தேவா தங்கச்சியா? சாப்பிடாம போகக் கூடாது.” மறுத்தால் சாமி குத்தம் என்றார்கள். பெட்டியை வேன் இருக்கையில் வைத்துவிட்டு, “அண்ணே, பாத்துக்க” என்று சொல்லிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தேன்.

அவன் பார்த்துக்கொண்டான். அதுதான் கொடுமை.

வேனில் வெயில் அடித்தது. நல்ல மனசோடு பெட்டியை எடுத்து நிழலுக்குக் கொண்டுபோயிருக்கிறான். தரையில் வைக்கலாமா? சிமெண்டுத் தரை, கல் மாதிரி. தங்கச்சி சொன்னது நினைவுக்கு வந்திருக்கிறது. மெத்தென்று எது இருக்கிறது என்று தேடியிருக்கிறான். படுக்க வைத்திருந்த பெரிய மேளம் கண்ணில் பட்டிருக்கிறது. அதன் தோல் மேல் அலுங்காமல் வைத்துவிட்டு, உருமியை மாட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டான்.

உருமி முழங்கியது. பக்கத்தில் ஒரு மேளத்தை அடித்தால் சும்மா கிடக்கும் மேளத்தின் தோலும் அதிரும். இது எனக்குத் தெரியும். பாயசம் குடித்துக்கொண்டு, மேளத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அடி அவ்வளவு நன்றாக இருந்தது.

பந்தி முடிந்து வந்து, பெட்டியை மேளத்தின் மேலிருந்து நானே எடுத்தேன். கமுந்திங்குக்கு எப்படியோ போய்ச் சேர்ந்தோம். டாக்டர் சிவகாமி நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை.

“என்ன பிள்ளை இது? ஜெல்லில ஒண்டுமே இல்லை. எல்லாம் கழண்டு மிதக்குது. ஒட்டியிருக்கிற ரெண்டொண்டும் கிழிஞ்சு கிடக்குது. எங்க வச்சிருந்தனீர்?”

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

“மேளத்துக்கு மேல, டாக்டர்.”

அவர் என் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்தார். சட்டையில் இருந்த பாயசக் கறையைப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

அந்த இடம் வேறொருவருக்குப் போனது. இப்போது நான் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ரப்பர் எவ்வளவு இழுபட்டால் கிழியும் என்று சோதிக்கிறேன். ரப்பர் உருமி கேட்டாலும் சாகாது. சம்பளத்தில் குறை இல்லை. ஆனால் அந்த ஆய்வகத்தைத் தாண்டிப் போகும் பேருந்தில் நான் எப்போதும் மறுபக்க ஜன்னலோரம்தான் உட்காருகிறேன்.

எந்த விருந்தில் நான் உட்காரப் போனாலும் யாராவது, “மெத்தையா, கல்லா?” என்று கேட்டு ஒரு தலையணையை நீட்டுகிறார்கள். மாமாகூட நீட்டுகிறார். அண்ணனோ கோயில் கோயிலாக மைக்கில், “செல்லுக்கு உருமி வாசிச்ச ஒரே குழு நாங்கதான்!” என்று அறிவிக்கிறான். கைதட்டல் வேறு.

என் ஆராய்ச்சியைக் காதுகொடுத்துக் கேட்டவன் இந்தக் குடும்பத்தில் அவன் ஒருவன்தான். பாதி கேட்டான், அந்தப் பாதியை மறக்காமல் வைத்திருந்தான். கொட்டாவி விட்டவர்கள் யாராவது வேனை ஓட்டியிருந்தால் பெட்டி வெயிலில் கிடந்திருக்கும். செல்கள் வெந்து செத்திருக்கும். அதனால்தான் அந்த மேளத்துக்காக அவனை முழுசாகத் திட்ட முடியவில்லை. அந்தச் சந்திப்புக்காகத் திட்ட முடியும்.

அண்ணே, வருகிற திருவிழாவுக்கும் அதே கோயிலில்தான் வாசிக்கப் போகிறாயாம். மைக் உன் கையில்தான் இருக்கும். கைதட்டல் வாங்கும் கதையை ஓரமாக வை. சாமி முன்னால், தலைவர் முன்னால், பந்தியில் இருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்: கமுந்திங் சந்திப்பில் ஏன் இடது பக்கம் திருப்பினாய்?