இனிப்புச் சோளமும் என் மனைவியின் முதலாண்டுத் திவசமும்

சென்ற ஐப்பசி, இரண்டாம் ஞாயிறு. டிக்கோயா, இலங்கை மலையகம்.
காலை 9.10: நான்கு சோளக்கதிர்கள் உரிக்கப்பட்டுக் கொதிநீரில் இடப்பட்டன.
10.40: கதிர்கள் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தன.
10.52: எரிவாயு தீர்ந்தது.

மேற்கண்டவை யாவும் உண்மை. இவற்றுக்குப் பொறுப்பானவர் முப்பத்து நான்கு ஆண்டுகள் இரசாயனவியல் கற்பித்தவர் என்பதும், துரதிர்ஷ்டவசமாக, உண்மையே.

அன்று என் மனைவியின் முதலாண்டுத் திவசம். மறைந்தவருக்குப் பிடித்த பண்டங்களை இலையில் படைப்பது எங்கள் வழக்கம். அவித்த சோளம் என்றால் அவளுக்கு உயிர். அதை மட்டும் நானே செய்வேன் என்று மகளிடமும், மனைவியின் தங்கையான மைத்துனியிடமும் அறிவித்திருந்தேன். (அனுமதி கேட்கவில்லை, அறிவித்தேன்.)

"இது இனிப்புச் சோளங்க சேர். ஏழு நிமிசத்துக்கு மேல வச்சிராதீங்க," என்று சந்தையில் விற்றவர் எச்சரித்தார். நாட்டுச் சோளமே ஒரு மணி நேரம் வேகும். இது மட்டும் ஏழு நிமிடத்திலா? மேலும், நாலாயிரம் அடி உயரத்தில் நீர் நூறு பாகையை எட்டுமுன்பே கொதித்துவிடுகிறது. அந்தக் குறையை நேரத்தால் ஈடுசெய்ய வேண்டாமா? கணக்குப் போட்டேன். நூற்றுப் பத்து நிமிடம் வந்தது.

"அப்பா, இன்னும் சோறே வைக்கல. அந்தச் சட்டிய எறக்குங்களேன்," என்றாள் மகள்.

"இன்னும் இருபது நிமிடம்தான்."

எட்டு நிமிடம் மீதமிருக்கையில் அடுப்பு அணைந்தது. ஞாயிறு, சிலிண்டர் கடை பூட்டு. முன்னறையில் இருபது உறவினர்கள் பசியோடு இருந்தார்கள். மைத்துனி அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு விறகடுப்புக்கு நடந்தாள். போகிறபோக்கில், "புள்ளைங்களுக்குப் பாடம் நடத்துனதும் இப்படித்தானா அத்தான்?" என்று கேட்டாள்.

இரண்டரை மணிக்குப் படையல் முடிந்தது. காகம் தொட்ட பிறகே நாங்கள் உண்ணலாம். தகரக் கூரையில் வைத்த இலைக்கு ஒரு காகம் வந்தது. சோறு தின்றது, வடை தின்றது. தோல்போலச் சுருங்கியிருந்த சோளமணி ஒன்றைக் கொத்தியது. உடனே கீழே போட்டு, அலகைத் தகரத்தில் இருமுறை துடைத்துக்கொண்டு பறந்துவிட்டது.

"அக்காவேதான்! சந்தேகமே இல்ல," என்றாள் மைத்துனி. "வாயில வச்சதும் துப்பிட்டுப் போகுது பாருங்க!"

ஓராண்டாக எங்கள் வீட்டில் எவரும் உரக்கச் சிரித்ததில்லை. அன்று இருபது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

இப்போதெல்லாம் எங்கள் குடும்பத்தில் யார் தாமதித்தாலும், "என்னா, சோளம் வேகுதா?" என்றுதான் கேட்கிறார்கள். என் பேரன் பிறக்கப் பத்து நாள் பிந்தியபோதும் மருத்துவமனை வாசலில் அதையே கேட்டார்கள்.

இன்னும் செய்யப்படாதவை:
சந்தை வியாபாரியிடம் தோல்வியை ஒப்புக்கொள்ளல்.
பக்கத்து வீட்டாருக்கு ஒரு கட்டு விறகு.
அவளுடைய சேலைகளை மைத்துனியிடம் கொடுத்தல்.
சோளத்துக்கு உப்பு முதலிலா, கடைசியிலா என்று என் மனைவியிடம் கேட்டல்.